செயின் எந்தப் பக்கம்

சனிக்கிழமை, ஐந்தே முக்கால்.
கல்லடிப் பழைய பாலத்தில்
இரும்புச் சட்டத்தோடு பலகையைக் கயிற்றால் கட்டுகிறேன்.
பத்து மணிக்குப் பிறகு கச்சான் எழும்பும்.
கட்டாவிட்டால் படத்தை வாவியில் இறக்கிவிடும்;
ஒருமுறை இறக்கியது.
என் முதல் வாடிக்கையாளர் வாவிதான் என்று
கச்சேரியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அம்பர் மண்ணை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துத்
துணியின் வெள்ளையை முதலில் அணைக்கிறேன்.
வெறும் வெள்ளையில் எந்த நிறமும் பொய் சொல்லும்.
பிறகு காத்திருத்தல்.
சைக்கிளில் போகிறவர்கள் எனக்காக நிற்பதில்லை.
ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு
நான்கு மிதி.
அதற்குள் ஒரு முதுகை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

பாண் பெட்டிக்காரர் போனார்.
மகனைக் கரியலில் வைத்து
வாய்ப்பாடு கேட்டபடி மிதிக்கும் நேர்ஸ்.
இரண்டு கையையும் விட்டு ஓட்டி
வாழைப்பழம் உரிக்கிற பையன்.
முகம் எனக்கு வேண்டியதில்லை.
முழங்கால் எங்கே, முழங்கை எங்கே,
இரண்டுக்கும் நடுவில் வானம்
எந்த வடிவத்தில் அகப்பட்டிருக்கிறது,
அதைத்தான் முதலில் வைக்கிறேன்.
ஆள் தானாக வந்து உட்காருவார்.

கம்பிகள்தான் பகை.
முப்பத்தாறையும் எண்ணி வரைந்த காலம் உண்டு.
ஸ்டாண்ட் போட்டதுபோல
சைக்கிள் அப்படியே நின்றது.
இப்போது கம்பியே இல்லை.
பின்னால் கிடக்கிற வாவி நிறத்தை எடுத்து
அதில் ஒரு சொட்டுச் சாம்பல் சேர்த்து
ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே சுழற்று.
கை தயங்கினால் சில்லு சதுரமாகிவிடும்.

நல்லரெத்தினத்தைப் பிடிக்க மூன்று சனி போயிற்று.
நாவலடியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்.
கரியலில் ரெஜிபோம் பெட்டி,
அதை இறுக்கி வெட்டிய ரியூப் ரப்பர்.
நெஞ்சு ஹேண்டிலில் முட்டக் குனிந்து மிதிப்பார்.
டவுனுக்கு, என் வலப்பக்கம் போகிறவரைப்
படத்துக்காக இடப்பக்கம் திருப்பினேன்.
அந்த ஓரத்தில்தான் வாவி
ஒன்றும் இல்லாமல் கிடந்தது.

நாலாம் சனி அவரே பிரேக் பிடித்தார்.
ஒரு காலை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர்
என் செருப்புக்குப் பக்கத்தில் சொட்டியது.

"நான்தானே இது?"
"ஓம்."
"வீட்டதானே போறன்?"
"ஓம்."
"அப்ப ஏன்கா இப்பிடிக் குனிஞ்சு மிதிக்கிறன்?
மீன் விக்கல்லையா?"

நான் சிரிக்கப் பார்த்தேன்.
அவர் விரலை நீட்டினார், ஈரத்தில் படாமல்.
"செயினும் இந்தப் பக்கம் வராது."
ஹோர்னை அமுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கத்தியால் சுரண்டினேன்.
முதலில் செயின்.
பிறகு தோள், பிறகு ஒரு மாதத்து முதுகு.
துணியின் இழைக்குள் சட்டை நீலம் கொஞ்சம்
வரமாட்டேன் என்று தங்கிவிட்டது.
பெட்டியை விட்டுவைத்தேன்.
வெறும் பெட்டியோடு அவர் எப்படி இருப்பார் என்று
எனக்குத் தெரியாது.
வெயில் ஏறினால் வீட்டுக்குப் போகிறவள் நான்.

அன்று மத்தியானம் வரை நின்றேன்.
பாலத்து இரும்பு கையைச் சுட்டது.
தட்டில் வெள்ளை, எண்ணெய் விட்டு இளகி வழிந்தது.
ஒன்றரைக்கு வந்தார்.
நிமிர்ந்து,
ஒரு கை ஹேண்டிலில், மறு கையில் கத்தரிக்காய்ப் பை.
நான்கு மிதி இல்லை, ஒரு மிதிகூட இல்லை.
பெட்டி கடகடக்க, பின்சில்லு கிர்ரென்று பாட
சும்மா உருண்டு போனார்.
என்னைப் பார்க்கவில்லை.
செயின் அந்தப் பக்கம்,
எனக்குத் தெரியாத பக்கம் இருந்தது.

தூரிகையைத் தொடவில்லை.
பலகையை ஈரம் வெளியே பார்க்கக் கரியலில் கட்டினேன்.
சுரண்டிய இடத்தில் ஏதோ பூச்சி வந்து ஒட்டியது,
எடுக்கவில்லை.
பாலத்தின் நடுவில் மிதிப்பதை நிறுத்தினேன்.
சைக்கிள் தன்பாட்டில் ஓடியது.
இடுப்பு எங்கே இறங்குகிறது,
தோள் எப்போது ஹேண்டிலை மறக்கிறது,
என் முதுகு என்ன செய்கிறது என்று
கவனித்துக்கொண்டே போனேன்.