துண்டு நாளைப் பிடித்திருந்தது

சம்மாந்துறை. பெரும்போக வெள்ளாமை, மூன்றாவது கிழமை.
பின்னேரம் நாலு மணியானால்
எடைமேடைக் கொம்பியூட்டர் மூச்சடைத்து நிற்கும்.
வாசலில் ஒன்பது லொறி,
அதற்குப் பின்னால் உழவு மெஷின் பெட்டிகள்,
ஹோர்ன் சத்தம்.
"வெக்கைதான் மகள், புதுசு ஒண்டு எடுப்பம்" என்றார்
ஆலைக்கார உதுமான்கண்டு ஹாஜியார்.

வெக்கை இல்லை. என் கை.

இரவு மெமரியைக் கொட்டிப் பார்த்தேன்,
சுளகில் கல் பார்ப்பதுபோல.
இருபத்தொரு நாட்கள் உள்ளே உயிரோடு கிடந்தன.
போன புதன், அதற்கு முந்திய புதன்,
மழைக்குப் பாதியில் மூடிய அந்த வெள்ளியும்கூட.

'நாள்' என்று ஒரு கிளாஸ்,
அதற்குள்ளே 'துண்டு' என்று இன்னொன்று.
உள்ளே வைத்ததில் பிழையில்லை.
நாளின் துண்டு என்றால்தான் இடம் விளங்கும்,
வெளியே தனியே போட்டால் எதன் துண்டோ.
ஆனால் முன்னால் ஒரு சொல் எழுத வேண்டும்,
எழுதவில்லை.
எழுதாவிட்டால் ஜாவா தானாக ஒரு கயிறு கட்டும்,
கண்ணுக்குத் தெரியாத கயிறு:
பிறக்கிற ஒவ்வொரு துண்டும்
தன் நாளின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடியே பிறக்கும்.

துண்டு சின்னது. பெயர், மூடை, ஈரம், காசு.
நாள் பெரியது:
கமெரா பிடித்த லொறிப் படங்கள் அத்தனையும் அதற்குள்.
காசு கொடுத்தால் துண்டு பட்டியலை விட்டுப் போகும்.
கொடுபடாத துண்டு இருக்கும்.
அது இருக்கும்வரை அதன் நாளும் சாகாது.
குப்பை அள்ளுகிறவன் வந்து எட்டிப் பார்த்து
"இத ஆரோ பிடிச்சிருக்காங்க" என்று
திரும்பிப் போய்விடுவான்.

எங்கள் பக்கம் குடி கேட்பார்கள்.
உம்மாவின் குடியைச் சொல்வேன்.
அதைச் சொல்ல
எந்த வீட்டுத் திறப்பும் என் கையில் இருக்கத் தேவையில்லை.
ஸ்டாட்டிக் அந்த மாதிரிச் சொந்தம்.
கிளாஸின் ஆள்; எந்த ஒரு ஒப்ஜெக்டின் ஆளுமில்லை.

துண்டிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்:
நீ எப்போதாவது உன் நாளிடம் போய்
எதையாவது கேட்கிறாயா?
அன்றைய விலையை மட்டும். ஒரு தடவை. பிறக்கும்போது.
அப்படியென்றால் விலையைக் கையிலே தந்துவிடுகிறேன்,
நாளை விடு.

மூடை அடுக்கில் ஒவ்வொன்றாய் எண்ணிப்போகிறவன் இருக்கிறான்,
அவனும் உள்ளே இருக்கிறவன்தான்.
அவனுக்கு அந்தச் சொல்லைப் போடவில்லை.
அடுக்கை உருவினால்
அவன் காற்றில்தான் கால் வைப்பான்.

மறுநாள் நாலு மணி போனது.
நாலரை.
மஃரிபு பாங்கு சொல்லும்போது
கடைசி லொறி மேடையில் ஏறி இறங்கியது.
உள்ளே நாட்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாய் மௌத்தாகிக்கொண்டிருந்தன,
வெள்ளியும் போனது.
துண்டுகள் மட்டும் இருந்தன.
வளத்தாப்பிட்டி பூபாலபிள்ளை, முப்பத்தெட்டு மூடை,
ஈரம் பதினாறு, கொடுபடவில்லை.

"ஒரு சொல்லா?" ஹாஜியார் சிரித்தார்.
"ஒரு சொல்லுக்கு என்ன காசு கேப்பீங்க?"
பிறகு திரையைப் பார்த்தபடி:
"இனி எவ்வளவு பேருக்குப் பாக்கி வெச்சாலும்
மெஷின் நிக்காதுதானே?"

"நிக்காது" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது.

என் பில்லை எழுதி நீட்டினேன்:
இரண்டு இரவு, ஒரு சொல்.
வாங்கிப் பார்த்தார், கிளாக்கரிடம் கொடுத்தார்.
இப்போது அதுவும் பட்டியலில் கிடக்கிறது,
பூபாலபிள்ளைக்குக் கீழே.