ஒரே சர்வே எண்

மாத்தெவ்ஷின் உயில் ஒன்றரை வரிதான்.
ஏரி மூத்தவனுக்கு,
புல்வெளி இளையவனுக்கு.
இரண்டும் ஒரே இடம் என்று
நகரத்திலிருந்து வந்த நோட்டரிக்குத் தெரியாது.
மாத்தெவ்ஷுக்குத் தெரியும்.
பேனாவை மூடும்போது சிரித்தாராம்.

எல்லை நட என்னை அனுப்பினார்கள்.
லுப்லியானாவிலிருந்து ஒரு மணி நேரம்,
காட்டுமலைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் தட்டைப் பள்ளம்.
எங்கள் மொழியில் இப்படிப்பட்ட பள்ளத்துக்குப் பெயர் போல்யே.
வயலுக்கும் அதே சொல்.
ஜூலைக் கடைசி. வயலின் நடுவே ஒரு படகு
கட்டிய கயிற்றோடு, காயும் சேற்றில்
ஒருக்களித்துக் கிடந்தது.

அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல்.
மழையில் கொஞ்சம் புளிப்பு இருக்கிறது,
அது போதும் அதற்கு.
லட்சக்கணக்கான ஆண்டுகள்
அவசரமே இல்லாமல் நக்கி நக்கி
ஓட்டை போட்டிருக்கிறது.
தண்ணீர் இறங்கும் துளைக்கூட்டத்துக்கு
ஊரார் வைத்த பெயர் சல்லடை.
தண்ணீர் ஏறும்முன் அதிரும் ஒன்றுக்கு முரசு.
அலமாரியில் தட்டுகள் குலுங்கும் என்றாள்
நேஷா, இளையவனின் மனைவி.

மூத்தவன் யெர்னெய். இளையவன் காஷ்பர்.
ஈரமான வருஷத்தில் யெர்னெய் புது வலை வாங்குவான்.
வறண்ட வருஷத்தில்
காஷ்பரின் மாடுகள் கொழுக்கும்.
நடுவில் மூன்று வாரம் உண்டு:
ஏரியும் இல்லை, புல்லும் இல்லை.
குட்டைகளில் பைக் மீன்கள்
முதுகு வெளியே தெரிய
ஒன்றையொன்று வெறித்துக்கொண்டு நிற்கும்.
அந்த மூன்று வாரம் யாருடையது என்று
உயிலில் இல்லை.
ஆகவே இருவரும் வாளியோடு வருகிறார்கள்.
பேச்சுவார்த்தை நின்று பதினொரு வருஷம்.
ஒருவன் அள்ளுகிறான், ஒருவன் சுமக்கிறான்,
மீன்கள் வற்றாத மடுவுக்குக் குடிபெயர்கின்றன.

முக்காலியை ஊன்றினேன்.
ஒரு கால் மெல்ல உள்ளே போனது.
பதிவேட்டில் இரண்டே கட்டம்: நீர், நிலம்.
"எந்தத் தேதிக்கு வேண்டும்?" என்றான் காஷ்பர்.
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

தண்ணீர் எங்கே போகிறது என்றேன்.
தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.
யெர்னெய் கட்டைவிரலைக் கீழே காட்டினான்.
மலைக்கு அடியில் நுழைந்து
இருட்டில் வெகுதூரம் நடந்து
வேறு பெயரில் எழுந்து
மறுபடி மூழ்கி, மறுபடி பெயர் மாற்றி
என் அலுவலக ஜன்னலுக்குக் கீழே வருகிறது அது.
பதினான்கு வருஷமாக மதியத்தில்
ரொட்டித் துணுக்குகளை அதில்தான் போடுகிறேன்.
அடுத்தவன் சொத்தில்.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சிவப்புத் தலை வைத்த முளைகள் இருபத்திரண்டு அடித்தேன்.

ஆகஸ்டில் சரிபார்க்கப் போனபோது
புல் முழங்கால் உயரம் வளர்ந்து
அறுப்பும் முடிந்திருந்தது.
படகைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம்
விட்டு வைத்திருந்தான் காஷ்பர்.
கயிறு வளைந்து கிடந்த வழியெல்லாம்
புல்லும் வளைந்து நின்றது.
நகர்த்திவிட்டு அறுத்திருக்கலாமே என்றேன்.
"அது தண்ணீரில் இருக்கிறது" என்றான்.

அக்டோபர் இருபது. போனில் நேஷா.
நேற்று ராத்திரி முரசு அடித்ததாம்,
காலையில் வேலிக்கட்டை வரை ஏரியாம்.
"உங்கள் முளைகள் மிதக்கின்றன.
படகில் போய்ப் பதினேழு பிடித்துவிட்டார்கள்."
யார் யார் என்றேன்.
"துடுப்பு ஒருவர், வலை ஒருவர்.
மீதி ஐந்தையும் சல்லடை இழுத்துக்கொண்டது."

அறிக்கையில் என்ன எழுதுவது என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.
ரொட்டி போடும் நேரத்தில்
ஜன்னலில் சாய்ந்து பார்க்கிறேன்,
சிவப்பாக ஏதாவது வருகிறதா என்று.
இதுவரை
வாத்துக் கால்கள்தான்.