தொட்டி இல்லாதது

கொழிஞ்சாம்பாறை, சந்திரதாசன் பட்டறை.
வேனின் பின்பாதியில் சாக்கட்டியால்
இரண்டடிக்கு மூன்றடி கட்டம் போட்டிருந்தான்.
அதற்குள் நின்று பார்த்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
முழங்கை இடித்தது, முழங்கால் இடிக்கவில்லை.
போதும் என்றேன்.

பள்ளிக்கூட வேன் அது.
வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து மஞ்சள் இன்னும் கசிகிறது.
ஜன்னலோரம் யாரோ காம்பஸால் கீறிய
'அபினவ் ஒரு கொரங்கு' இருக்கிறது.
அதை மட்டும் அழிக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"அடியில தொட்டி வைக்கலாம் சேச்சி, அறுபது லிட்டர்.
நீல மருந்து ஊத்தினா வாடையே வராது."
நிறைஞ்சா?
"எங்கேயாவது திறந்து விடலாம்."
எங்கேயாவதுன்னா?
ஸ்பானரைத் துடைத்தான்.
துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான்.
"ராத்திரியில்... வாய்க்கால் பக்கம்."

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பத்தொன்பது வருஷம்
இந்தப் பக்கம் நான் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்தினேன்,
கூப்பிடு தூரத்தில் அந்தப் பக்கம் சுபைதா குத்தினாள்.
கோழிக்குச் சீட்டு, செங்கலுக்குச் சீட்டு, வைக்கோலுக்கும் சீட்டு.
இரண்டு மாநிலமும் பேசிக்கொள்ளாமலே
ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்:
பெண்களுக்குக் கக்கூஸ் கட்டவில்லை.
காலை எட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டோம்.
சாயங்கால பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடையும்
எங்கே வரும் என்று
அடிவயிற்றுக்குத் தெரியும்.

தொட்டி வேண்டாம் தம்பி,
நானே பத்தொன்பது வருஷம் தொட்டியாக இருந்தவள்.

எரிக்கிற வகை ஒன்று உண்டாம்.
கேஸில் எரிந்து ஒரு பிடி சாம்பலாகிவிடுமாம்.
"சோத்துக்கும் அதுக்கும் ஒரே சிலிண்டரா?"
சுபைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பையில் முடிந்து குப்பையில் போடுகிற வகை இன்னொன்று.
அந்த முடிச்சை அவிழ்க்கிற கையில்
வளையல் கிடக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சியது உலர்வகை.
முன்னால் புனல், அதிலிருந்து கேனுக்குக் குழாய்.
பின்னால் வாளி.
ஒவ்வொரு தடவையும் இரண்டு கை நார்த்தூள்.
தூளுக்கு இங்கே பஞ்சமா?
மீனாட்சிபுரம் ரோட்டில் மட்டை ஆலைக்கு ஆலை குன்று நிற்கிறது.
உம்மர் இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்து
காசு வாங்காமல், எதுக்கு என்றார்.
ரோஜாச் செடிக்கு என்றாள் சுபைதா.
வேன் கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தோம்.

ஆனால் தண்ணீர்?
கழுவாமல் அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.
வாளியில் நீர் விழுந்தால் நாறும்.
மூன்று நாள் சண்டை.
நாலாம் நாள் சுபைதா, சேலையோடு,
அறுத்து வைத்த பிளைவுட் மேல் உட்கார்ந்து
ஒரு சாண் முன்னால் நகர்ந்து
வெறும் மக்கைச் சாய்த்துக் காட்டினாள்.
"இங்ஙனே. வெள்ளம் புனலுக்குப் போகும்."
சந்திரதாசன் சுவரைப் பார்த்தபடி
புனலின் அகலத்தைக் குறித்துக்கொண்டான்.

"பக்கெட்டும் தொட்டி தன்னே அல்லே?"
என்றாள் அன்று ராத்திரி.
இல்லை. வாளிக்குக் கைப்பிடி இருக்கிறது.
யார் தூக்க வேண்டும் என்று
பார்த்ததுமே தெரிந்துவிடும்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஒற்றைப்படைத் தேதி நீ, இரட்டைப்படை நான் என்றாள்.
சரி என்றேன்.
முப்பத்தொன்றுக்கு மறுநாள் ஒன்று.
இரண்டும் என் தலையில்.
அதை அவள் அப்போதே கணக்குப் பார்த்திருக்கிறாள்.

முதல் ராத்திரி வண்டியைக் கோபாலபுரத்தில் போட்டோம்.
செக்போஸ்ட் பூட்டிக் கிடக்கிறது.
தடுப்புக் கம்பத்தில் யாருடைய ஆடோ கட்டியிருக்கிறது.
படுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர்,
விடியலில் எழுந்ததும் இன்னொரு சொம்பு.
தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன்.
கையளவு ஜன்னலுக்கு வெளியே
லாரிகள் சீட்டில்லாமல் போயின,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்,
அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்.

சுபைதா கதவைத் தட்டினாள்.
"கழிஞ்ஞோ?"

இல்லை என்றேன்.
முடிந்து வெகுநேரமாகியிருந்தது.