பதினேழாவது நிறுத்தம்

முப்பத்தோரு வருடம்
உட்கார்ந்தபடியே இந்த ஊரை அளந்தவள் நான்.
துர்க்கு நகரத்து மஞ்சள் பேருந்து,
இருபத்திரண்டு நிறுத்தங்கள்,
நாளைக்கு ஆறு நடை.
நடை என்று பெயர்தான்;
ஒன்றிலும் நான் நடந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு
தூக்கம் வரும்வரை நிறுத்தங்களைச் சொல்லிப் பார்ப்பேன்:
மீன் சந்தை, பாலத்தடி, கண் மருத்துவமனை,
பழைய சோப்புத் தொழிற்சாலை...
எழுபத்திரண்டு வயதில், ஒரு நவம்பர் இரவு,
பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு வந்தது.
இடையில் ஒரு கதவு திறந்து
யாரும் ஏறாமல் மூடியது.

பல்கலைக்கழகத்தில் ஆள் தேடினார்கள்.
மூளைக்குள் ஒரு கடற்குதிரை இருக்கிறது என்றாள் சைலா.
நினைவுகளைச் சுமப்பது அதுதான்,
வயதானால் மெலியும்,
நடந்தால் தேறுமா என்று பார்க்கிறோம்.
ஒரு குழுவுக்கு வாரம் நாலு நாள் வேக நடை.
இன்னொன்றுக்கு வெறுமனே கைகால் நீட்டி மடக்குவது.
யார் எதில் என்பதைக் கணினி குலுக்கிப் போடும்.

எனக்கு விழுந்தது நீட்டி மடக்குவது.
எதிர்வீட்டுக் கலெர்வோவுக்கு நடை.

கலெர்வோ எழுந்தால் சோபாவுக்கு அழுகை வரும்.
"இந்தப் பனியில் எவன் நடப்பான்?" என்றான்.
நான் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினேன்.
நீட்டத்தானே சொன்னார்கள்.
அடி எண்ணும் கருவியைக் கழற்றித் தந்தான்,
வாரம் ஒரு ஏலக்காய் பன்னுக்கு.

ஒரு வருடம் கலெர்வோவாக நடந்தேன்.
பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள்.
உறைந்த ஔரா ஆற்றின் ஓரம், மூக்கில் நீர் வடிய.
முதல் மாதம் முழங்கால் திட்டியது.
இரண்டாம் மாதம் பேசாமல் கூட வந்தது.
பிப்ரவரியில், தேவாலயச் சரிவில் மூச்சிரைக்கும்போது,
தினமும் என் பேருந்தில் வந்த செவிலிப் பெண்ணின்
பச்சைக் கையுறை,
அதன் இடது கட்டைவிரலில் ஒரு ஓட்டை.
யார் கேட்டார்கள் அதை?
கால் போன போக்கில் தானாக ஏறிக்கொண்டது,
டிக்கெட் வாங்காமல்.

வருட முடிவில் மறுபடி அந்த இரைச்சல் குழாய்க்குள் படுத்தோம்.
சைலா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
"பதினாலு லட்சம் அடி நடந்தவருடையது இளைத்திருக்கிறது.
உங்களுடையது அப்படியே நிற்கிறது.
புரியவில்லை."
அவள் கண்ணுக்குக் கீழே மூன்று வருட வேலை கறுத்திருந்தது.
கலெர்வோவுக்கு பன் கொடுத்து
உட்கார வைத்தவள் நான்.
சொல்லிவிட்டேன்;
கருவி, பன், நவம்பர் இரவு, பதினேழாவது நிறுத்தம், எல்லாம்.

அவள் கத்தவில்லை.
எங்கள் இரண்டு வரிசைகளையும் அழித்தாள்.
இப்போது நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.
"ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது.
உங்கள் வாகே அப்படி இருக்கலாம்.
இயந்திரத்தின் பிழையாகவும் இருக்கலாம்."
தெரியும் என்றேன்.
வாசல்வரை வந்தவள் கேட்டாள்:
"சரி, அந்தப் பதினேழாவது?"

வரவில்லை.
இன்னமும் வரவில்லை.

வெளியே பேருந்து கதவு திறந்து நின்றது.
தலையசைத்து அனுப்பிவிட்டு
பதினாறாவதிலிருந்து நடந்தேன்.
பலகையில் அப்பியிருந்த பனியைக்
கையுறையால் துடைத்துப்
படித்தேன்.

நாளைக்கு மறந்தால் நாளைக்கும் போகலாம்.
எட்டு நிமிடம்தான்;
கலெர்வோவை இழுத்துக்கொண்டு போனால்
இருபது.