மூலைக்குக் கொஞ்சம் அதிகம்

கூமோவில் உறைபனி இரண்டு மீட்டர் இறங்கும்.
நான் கேட்டது நாற்பது சென்டிமீட்டர் பள்ளம்.
ஊர்போ மண்வெட்டியில் சாய்ந்து சிரித்தான்:
"இது வீட்டுக்கா, உருளைக்கிழங்குக்கா?"

போன மார்ச்சில் அவன் வேலிக்கம்பம்
ஒரு சாண் எழும்பி நின்றது.
இந்த வண்டல் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப்
பனித்தகடாய் அடுக்கும்.
கம்பமோ வீடோ, அதற்கு ஒன்றுதான்.

ஆழத்தை அகலமாக மாற்றுகிறேன், அவ்வளவே.
சுவரோரம் தொடங்கி வெளிப்பக்கமாய்
மண்ணுக்குள் படுத்த நுரைப்பலகை,
ஒரு மீட்டர் சிறகு,
அடியில் சரளை, நீர் வடிய லேசான சரிவு.
மூலைகளுக்குக் கொஞ்சம் அதிகம்:
குளிர் இரண்டு பக்கமும் கடிக்கும் இடம் அது.
வீடு கசியவிடும் சூடு
கீழே போய்த் தங்கிக்கொள்ளும்.

படிவத்தில் மிச்சம் ஒரே கேள்வி:
குளிர்காலம் முழுக்கக் கணப்பு எரியுமா?

ஹெல்வி பேனாவை மூடினாள், திறந்தாள்.
"உங்களிடம் முதலில் வந்தபோது நாங்கள் இரண்டு பேர்."
வெளியே ஏரி பாதி உறைந்திருந்தது.
"ஜனவரியில் இங்கே இருப்பேனா
என்று எனக்கே தெரியாது."

ஆளில்லாத வீட்டுக்குக் கணக்கே வேறு.
மண்ணுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை;
மண்தான் தன் சூட்டைப் பொத்திக்கொள்ள வேண்டும்.
அன்றிரவு
தளத்தின் அடி முழுக்கப் பலகை விரித்தேன்,
சிறகை இரட்டித்தேன்.

விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"நான் போய்விடுவேன் என்பதற்கா இதெல்லாம்?"

"இல்லை. திரும்பி வந்தால்
கதவு திறக்க வேண்டுமே."

ஊர்போ குச்சிகளைப் பிடுங்கி
இன்னும் தள்ளி நட்டான்.