நான்கு நாள்

ஒரு புத்தகத்துக்கு நான்கு நாள்.
அதுதான் கணக்கு.
ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம். அதற்குமேல்
எத்தனை படித்தாலும் அது வெறும் படிப்பு.

வெள்ளிதோறும் பொந்தா குரோசா சிறையிலிருந்து
பழுப்பு உறை ஒன்று வரும்.
பகலில் பள்ளியில் இலக்கணம் நடத்துகிறேன்.
இரவில், அடுப்பில் பின்யோன் கொட்டைகள் வேகும்போது
கைதிகளின் மதிப்புரைகளைத் திருத்துகிறேன்.
தாளின் அடியில் இரண்டு கட்டங்கள்:
ஏற்கலாம்
ஏற்க இயலாது
நடுவில் இடம் விடவில்லை.

எனக்குத் தந்த கேள்விகள் மூன்று.
கையெழுத்து புரிகிறதா.
சொந்தமாக எழுதியதா.
புத்தகத்தைப் பற்றியதுதானா.
என்ன செய்துவிட்டு உள்ளே போனான்
என்றொரு கேள்வி கிடையாது.
அதற்கு ஊர் இருக்கிறது.

அடெனில்சன் பிராட்டெஸ். பதினோரு ஆண்டு, நான்கு மாதம்.
எங்கள் தெருமுனை மருந்துக்கடையில்
துப்பாக்கி நீட்டியவன்.
வெடித்தது தவறுதலாக என்றான்.
இருக்கலாம்.
ஜுரேமாவின் இடக்கையில் இரண்டு விரல்கள்
அன்றிலிருந்து மடங்குவதில்லை.

நீதிமன்றத்தில் நானும் இருந்தேன், கடைசி பெஞ்சில்.
இலவச வழக்கறிஞருக்கு அன்று அது ஒன்பதாவது வழக்கு;
பெயரை ஒருமுறை மாற்றிச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார்.
பிரிவு, உட்பிரிவு, பத்தி என்று
எழுத்தர் வாசிக்க வாசிக்க
அவன் யாரையோ பற்றிக் கேட்பவன்போல்
கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டிருந்தான்.
தீர்ப்பு நாளைக்கு ஜுரேமாவை யாரும் அழைக்கவில்லை.
பதினோரு ஆண்டு என்பது அவளுக்குத் தெரிந்தது
ரொட்டிக்கடை வரிசையில்.

இந்த மாதம் அவன் படித்தது
ஒரு கப்பல் சமையல்காரனின் கதை.
குடிவெறியில் கொதிநீரை
எடுபிடிப் பையன்மேல் ஊற்றிவிடுகிறான்.
என்னிடமும் அந்தப் புத்தகம் உண்டு.
கடைசி அத்தியாயத்தில் சமையல்காரன் கடலில் மூழ்குகிறான்,
அலையை ஐந்து பக்கம் வருணித்திருப்பார்கள்.

சிறைப் பிரதியில் அது இல்லை.
போன மாதம் இன்னொருவன் ஓரத்தில் எழுதியிருந்தான்:
"பத்தொன்பது பக்கம் காணோம், டீச்சர்.
மெல்லிய தாள். யாரோ புகையிலை சுருட்டிவிட்டார்கள்."
அவனுக்கு ஏற்கலாம் போட்டேன், நேர்மைக்காக.

அடெனில்சன் ஒன்றும் சொல்லவில்லை.
காணாமல் போன பக்கங்களை
அவனே எழுதி முடித்திருக்கிறான்.

சமையல்காரன் கரையிறங்குகிறான்.
விசாரித்து விசாரித்துப் பையனின் வீட்டுக்குப் போகிறான்.
பையன் இப்போது பையன் இல்லை, கதவைத் திறக்கிறான்.
மழை.
உள்ளே வா என்று சொல்லவில்லை.
கதவைச் சாத்தவும் இல்லை.
அதோடு நிற்கிறது.

அதற்குக் கீழே அடித்த வரி ஒன்று,
விளக்கில் பிடித்தால் தெரிகிறது:
"அவன் இவனை மன்னித்தான்."
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
"இது நான் எழுதக்கூடியது இல்லை."

எழுத்து புரிகிறது.
இதுவரை வந்ததிலேயே அதிகம் சொந்தமானது இதுதான்.
புத்தகத்தைப் பற்றியதா?

கொட்டைகள் அடிப்பிடித்துவிட்டன.

மறுநாள் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன்.
கேட்டுவிடலாம் என்றுதான் போனேன்:
நான்கு நாள், ஜுரேமா,
உனக்கு அது எவ்வளவு?
முப்பது மாத்திரையைக் கண்ணாடித் தட்டில் கொட்டி
மூன்று விரலால் இவ்விரண்டாகத் தள்ளினாள்.
ஒன்று உருண்டு கீழே விழுந்தது.
நான் குனியுமுன் அவள் குனிந்துவிட்டாள்.
"இது வேண்டாம், வேறு தருகிறேன்" என்றாள்.
சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் என்பது
எட்டுத் தலை எண்ணிக்கை,
பன்னிரண்டு முறை அலுமினியத் தட்டு,
இருபத்து மூன்று பேர் அறையில் முறைவைத்துத் தூங்கும்
நான்கு பாதி இரவு.
எந்த விரலையும் மடக்காது.

ஞாயிறு இரவு கட்டத்தில் குறியிட்டேன்.
தண்டனை நீதிபதி படிக்கமாட்டார்,
கையெழுத்து மட்டும் போடுவார்; நாளைக் குறைக்கும் கணக்கு
கணினிக்குத் தெரியும்.

ஏற்கலாம்.

குறிப்புரை என்ற இடத்தில் எழுதினேன்:
நூலகத்துக்கு இன்னொரு பிரதி தேவை.
கெட்டியான தாளில்.