ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை

மாதம் நாலு தடவை
மலைக்கு அரிசி ஏற்றுகிறேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஏற்காடு தாண்டினால் காப்பித் தோட்டத்து நடுவே
பஸ்ஸே திரும்பத் தயங்கும் பாதை,
அதன் முடிவில் ஒரு ரேஷன் கடை.

மூட்டை ஐம்பது கிலோ.
என் ரத்தத்தில், வெறும் வயிற்றில், இருநூற்றுப் பதினெட்டு.
செவ்வாய்ப்பேட்டை லேபில் தாளை நீட்டிய பெண்
தலை தூக்காமல் சொன்னாள்:
"அரிசியைக் குறைங்க."
அரிசி லாரி ஓட்டுகிறவனிடம்.

மூட்டை இறக்கும் அண்டியப்பனுக்கு என் வயசுதான்.
என் தொப்பையில் இருக்கவேண்டியது
அவனுக்கு முதுகில் இருந்தது, தசையாக.
மூன்றரை மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தான்.
ஒரு கை சாமைச்சோறு,
இரண்டு கை அவரைக் குழம்பு,
மீதி இடம் முழுக்க
பேர் தெரியாத ஏதோ கீரை.
நான் பார்ப்பதைப் பார்த்து மூடியில் வைத்து நீட்டினான்.
மென்று முடிப்பதற்குள் தாடை வலித்தது.

அன்றைக்கே அவனிடம் பத்துக் கிலோ சாமை வாங்கினேன்.
கீழே சோதனைச் சாவடியில்
"காலி வண்டி" என்று எழுதிக்கொண்டார்கள்.

திலகா அதை என்னென்னவோ செய்தாள்.
சாமை இட்லி. சாமைப் பிரியாணி.
கருப்பட்டி போட்டுச் சாமைப் பாயசம்.
நல்லதுதானே என்று
மறுபடி மறுபடி கேட்டு வாங்கினேன்.
ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டு
பதினொன்றுக்குப் படுத்தேன்.
நடுவே அம்மாபேட்டை முக்கில்
இரண்டு தட்டுவடை செட்டு.
அது நொறுக்கு. கணக்கில் வராது.

மூன்று மாதம் கழித்து
இருநூற்று முப்பது.

அண்டியப்பனிடம் சண்டைக்கே போனேன்:
"உன் சாமை ஏமாத்திடுச்சுய்யா."
அவன் சிரிக்கவில்லை.
"எங்க வெள்ளச்சிக்கும் சக்கரைன்னு
போன கேம்புல சொல்லிட்டாங்க.
சாமை குத்தணும்னா அரை நாள் போவுது.
நீ கொண்டார்றது, உலையில போட்டா சோறு.
சாமைய உனக்கு வித்துட்டு
உன் அரிசியத்தான் திங்கிறா."

இருவரும் அரிசி மூட்டைமேல்தான் உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்:
கீரை ஏன் அவ்வளவு?
"சாமை பத்தாது. வருசம் ஓடணுமே."
பொழுதோட ஏன் சாப்பிட்டுடறீங்க?
"அப்ப கரண்ட்டு இல்ல. இருட்டினா காட்டெருமை வரும்.
அடுப்ப அணைச்சுட்டுக் கதவச் சாத்திருவோம்.
அப்படியே பழகிப்போச்சு."
சாப்பிட்டு?
"காட்டுக்குத்தான். வேற எங்க?"

அவன் சொன்ன எதிலும்
ஆரோக்கியம் என்ற சொல்லே இல்லை.
பற்றாக்குறை இருந்தது. இருட்டு இருந்தது.
மேடும் பள்ளமும் அளந்த கால் இருந்தது.
அந்தப் பசியைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.
அது யாருக்கும் வேண்டாம்.
அதன் அளவை மட்டும்
எல்லாம் கிடைக்கிற நான்
கடனாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஆறு மணிக்கு
இறங்கும் வழியில் பதினோராவது வளைவில் வண்டியை ஓரங்கட்டுகிறேன்.
கீழே சேலம் ஒவ்வொரு விளக்காகப் போட ஆரம்பிக்கும்.
டப்பாவில் பாதிக்குமேல் கீரையும் மொச்சையும்.
சாமை ஒரு கை. சாமை இல்லாத நாளில்
அரிசியே, அதுவும் ஒரு கை.
தின்றதும் அடுத்த வளைவு வரை நடந்து திரும்புகிறேன்.
குரங்குகள் என்னைக் கவனிப்பதை நிறுத்திவிட்டன.

மலையில் பதினாறு வீட்டுக்காரர்கள்
சாமை உடைக்கிற மிஷினுக்குப் பணம் சேர்க்கிறார்கள்.
வெள்ளச்சிதான் நோட்டு எழுதுகிறாள்.
வந்தால் என் வண்டியில்தான் ஏறும்,
அரிசி மூட்டைகளுக்கு நடுவே.
வாடகை பேசவில்லை.

வருகிற செவ்வாய் மறுபடி லேப்.
என்ன வருமோ தெரியாது.
சனிக்கிழமைகளில் மட்டும்
தட்டுவடை செட்டு ஒன்று, காரச் சட்னி தூக்கலாக.
அந்தப் பெண் கேட்டால் சொல்வேன்.
கேட்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.